கிராணியார் பதில்கள்: எல்லாரும் தமிழர்தான், ஆனாலும்…

(மலேசியாவில் பேராக், ஜொகூர் தோட்டங்களில் 34 வருடம் கிராணியாக, அதாவது தோட்ட எழுத்தராக இருந்தவர். இப்போது சுங்கை சிப்புட்டில் ஒரு தாமான் (வீடமைப்புக் குடியிருப்பு) வீட்டில், கொய்யா மரத்தடியில் உட்கார்ந்து உங்கள் கடிதங்களைப் படிக்கிறார். இந்த முறை, வேலைக்காக நம் பக்கம் புதிதாகக் குடிவந்தவர்களின் கேள்விகள்.)

கேள்வி: ஐயா, நான் கோவில்பட்டிக்காரன். மெக்கானிக்கல் படித்துவிட்டு, உங்கள் டவுனுக்குப் பக்கத்தில் ஒரு செம்பனை (பாமாயில்) ஆலையில் ஏழு மாதமாக வேலை பார்க்கிறேன். மலேசியா என்றதும் வீட்டில் பயந்தார்கள். அங்கே கோவில் இருக்கிறது, தமிழ்ப்பள்ளி இருக்கிறது, எல்லாரும் நம் ஆட்கள் என்று நானே தைரியம் சொல்லிவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் தமிழில்தான் பேசுகிறார்கள், ஆனால் என்னை 'ஊர்க்காரரு' என்கிறார்கள். பேச்சு அதற்கு மேல் நகர்வதில்லை. ஒருவர்கூட வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன். மலாய்க்காரரும் சீனரும் ஒதுங்கியிருந்தால் எனக்குப் புரியும். தமிழரே ஒதுங்குவது ஏன்? கிளம்பிவிடலாமா?
ஆலை இளைஞர், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, முதலில் அந்த 'ஊர்க்காரர்' விஷயத்தைத் தீர்த்துவிடுவோம்.

எங்கள் அப்பா 1937-இல் ரஜூலா கப்பலில் பினாங்கு வந்து இறங்கினார். அடுத்த வருடமே தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசாங்கம் நிறுத்திவிட்டது. கடைசி வண்டியில் தொற்றி ஏறியவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது வருடம் இங்கே பால்மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தார். ஆனால் அவர் வாயில் 'ஊர்' என்று வந்தால் அது துறையூர்ப் பக்கத்தில் ஒரு கிராமம்தான். ஊர்க் கடுதாசி, ஊர் வேட்டி, ஊர்ப் பலகாரம். இங்கேயே பிறந்த எங்களுக்கும் அந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டது. இந்தியாவையே பார்க்காத என் பேத்திகூட, சென்னைக்கு விமானம் ஏறுகிறவரை 'ஊருக்குப் போறாங்க' என்கிறாள். ஆகையால் உங்களை ஊர்க்காரர் என்றால், என் அப்பா தனக்கு வைத்துக்கொண்ட பெயரால் உங்களைக் கூப்பிடுகிறோம் என்று பொருள்.

சரி, அதில் குத்தலே கிடையாதா? உண்டு. மறைப்பானேன். ஊர்க்காரர் என்றால் திரும்பிப் போகிறவர். இரண்டு வருட பெர்மிட், முடிந்தால் இன்னும் ஒரு வருடம், அப்புறம் ஒரு நாள் காலையில் அறை காலி. எங்கள் தாமானில் அப்படி ஒருவர் இருந்தார். நல்ல குரல், திருவிழா மேடையில் அவர்தான் அறிவிப்பாளர். எல்லாரும் அவரிடம் கூட்டுப் பணம், அதாவது சீட்டு, கட்டினோம். சொல்லாமல் கொள்ளாமல் போனார். என் பங்கு 800 வெள்ளி. அவர் செய்ததற்கு நீங்கள் பொறுப்பில்லை, தம்பி. ஆனால் அவருக்குப் பிறகு வந்தவர் நீங்கள்.

இப்போது ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வந்த புதிதில் எங்கள் தமிழைக் கேட்டுச் சிரித்தீர்களா? நான் பந்தயம் கட்டுவேன், சிரித்திருப்பீர்கள். காரைக் 'காடி' என்கிறோம், ரப்பரைக் 'கித்தா' என்கிறோம், ரிங்கிட் எங்களுக்கு 'வெள்ளி', கடை முதலாளி 'தவுக்கே', சாப்பாடு கட்டிக் கொடு என்பதற்குப் 'பொங்குஸ்'. தொந்தரவு என்றால் 'சூசா'. போன மாதம் மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் பார்த்தேன். உங்களை மாதிரி ஒரு பையன், நீங்களேகூட இருக்கலாம். பக்கத்து மேசைப் பெரியவர் 'பசியாறிட்டீங்களா தம்பி?' என்று கேட்டார். 'எனக்குப் பசிக்கவே இல்லைங்க' என்று சொல்லிவிட்டு போனைப் பார்க்கப் போய்விட்டான் பையன். இங்கே பசியாறுவது என்றால் காலைப் பலகாரம் சாப்பிடுவது. சாப்பிட்டாச்சு ஐயா, நீங்க? அவ்வளவு போதும். அந்தப் பெரியவர் அன்று நாற்காலியை அவன் பக்கம் திருப்பத் தயாராக இருந்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது. நீங்கள் ஜப்பானுக்குப் போயிருந்தால் வாசலில் செருப்பைக் கழற்றுவதிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துப் படித்திருப்பீர்கள். இங்கே காதில் தமிழ் விழுந்ததும், படிக்க ஒன்றுமில்லை என்று நினைத்துவிட்டீர்கள். இது வெளிநாடு, தம்பி. தமிழ் பேசும் வெளிநாடு. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு குழப்பம். துபாய்க்குப் போன உங்கள் நண்பன் ஒருவன் இருந்தால், அவனுக்கு இந்தக் குழப்பம் இல்லை, ஏனென்றால் அவன் யாரிடமும் எதையும் எதிர்பார்க்கவில்லை.

வீட்டுக்குக் கூப்பிடவில்லை என்கிறீர்கள். இதற்குக் கொஞ்சம் பழங்கதை தேவைப்படுகிறது.

நீங்கள் பார்க்கிற இந்த டவுன் ஜனங்களில் பாதிப்பேர் தாங்களே குடிவந்தவர்கள். நான் பிறந்தது லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர். அங்கே இருமினால் இங்கே சுக்குத் தண்ணி வைப்பார் அம்மா. வீட்டுக்குக் கூப்பிடுவது என்கிற பேச்சே கிடையாது, யார் வீட்டில் யார் சாப்பிட்டார்கள் என்று கணக்கும் கிடையாது. ஐம்பதுகளின் கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கின. வேலை போனால் வீடும் போகும், ஏனென்றால் லயம் கம்பெனிக்குச் சொந்தம். இந்த சுங்கை சிப்புட்டில் பிறந்த, அன்று மந்திரியாக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, மாதம் 10 வெள்ளி போடுங்கள், தோட்டத்தை நாமே வாங்குவோம் என்று தோட்டம் தோட்டமாகப் போனது அதற்காகத்தான். எங்கப்பாவும் போட்டார். சில தோட்டங்கள் தப்பின. மற்றவை அப்புறம் செம்பனையாக மாறின, வீடமைப்புத் திட்டமாக மாறின. லயத்து ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு டவுன் தாமான்களுக்கு வந்தார்கள்.

வந்த அன்றைக்கு என் மனைவி கேட்டது இன்னும் நினைவிருக்கிறது: 'பக்கத்து வீட்ல யாருன்னே தெரியலையே, எப்படித் தூங்குறது?' செங்கல் சுவர், இரும்புக் கேட்டு, கேட்டுக்குச் சங்கிலி, சங்கிலிக்குப் பூட்டு. அவளும் ஆறு மாதம் மோட்டுவளையைத்தான் பார்த்தாள். ஆகவே தாமான்காரர்கள் உங்களை மட்டும் வீட்டுக்குக் கூப்பிடாமல் இல்லை. ஒருவரையொருவரே அதிகம் கூப்பிடுவதில்லை. இவர்கள் சந்திப்பது வெளியில். அந்த இடங்களில் நீங்கள் இல்லை, அறையில் இருக்கிறீர்கள்.

எங்கே என்றால், சொல்கிறேன். ஒன்று மாமாக் கடை, ஆனால் தினம் ஒரே நேரம், முடிந்தால் ஒரே மேசை. இன்று ஆறு மணி, நாளை பத்து மணி என்று போனால் பத்து வருடம் போனாலும் நீங்கள் வாடிக்கையாளர்தான். இன்னொன்று பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தை, வாரம் ஒரு நாள். மீன்காரரிடம் இரண்டாவது வாரம் பேரைக் கேளுங்கள். கோவிலுக்குப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். சன்னிதியில் முன்வரிசையில் நிற்காதீர்கள், அன்னதானக் கொட்டகைக்குப் பின்னால் போங்கள். அங்கே அண்டா கழுவ ஆள் எப்போதும் குறைவு. கமிட்டியில் சேரச் சொன்னால் மட்டும் முதல் வருடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காரணம் கேட்காதீர்கள்.

எல்லாவற்றையும்விட, சாவு வீடு. தாமான் தெருவை அடைத்து கேனோப்பி (கூடாரம்) போட்டிருந்தால் ஒன்று கல்யாணம், இல்லையென்றால் சாவு. கல்யாணத்துக்கு அழைப்பு வேண்டும், சாவுக்கு வேண்டாம். போங்கள். ஒன்றும் பேச வேண்டியதில்லை. பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பிரித்துப் போடுங்கள், முடிந்ததும் அடுக்குங்கள்.

இதை நான் எங்கே படித்தேன் என்றால் குளுவாங் பக்கத்தில். 1975-இல், எனக்கு 24 வயது, பேராக்கிலிருந்து ஜொகூருக்கு மாற்றல். அதே நாடு, அதே தமிழ், அதே கித்தா மரம். விடிகாலையில் பெரட்டில், அதாவது ஆட்களைக் கூட்டிப் பேர் பார்க்கும் இடத்தில் நின்று, செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பேர் கூப்பிடுவேன். எங்கம்மா வயதில் இருந்த ஒரு பால்வெட்டுக்காரம்மாவை எல்லார் முன்னாலும் 'நீ ஏன் லேட்டு?' என்று கேட்டேன். கிராணி என்ற மிதப்பு. அந்தம்மா பதில் சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்தத் தோட்டத்தில் யாருமே எனக்குப் பதில் சொல்லவில்லை என்று வையுங்கள். ஸ்டோரில் பால் நிறுக்கும்போது வாளியை வைப்பார்கள், எடுப்பார்கள், போய்விடுவார்கள். மெட்ரோலாக் என்கிற அளவுக் கருவியைப் பாலில் விட்டு அளவு பார்த்துச் சொன்னால் 'ம்'. அவ்வளவுதான். மூன்று மாதம் சாடின் டின்னும் ரொட்டியும் தின்றேன். அப்புறம் லயத்தில் ஒரு கிழவர் இறந்துபோனார். விடுப்புக் கணக்கு எழுதுவதற்காகத்தான் போனேன், பொய் சொல்ல மாட்டேன். போன இடத்தில் தண்ணீர் தூக்க ஆள் போதவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டுத் தூக்கினேன். பதினாறாம் நாள் கருமக்கிரியை முடிந்து, மூடிபோட்ட ஒரு கிண்ணத்தில் கருவாட்டுக் குழம்பு என் குவாட்டர்ஸ் வாசலுக்கு வந்தது. கொண்டுவந்தது யாரென்று நினைக்கிறீர்கள்? அந்தம்மாதான். 'கிண்ணத்தக் கழுவிக் குடுங்க' என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

இன்னும் ஒன்று. மலாய் படியுங்கள். உங்கள் ஆலையில் இந்தோனேசியர், நேப்பாளி, பங்களாதேஷி எல்லாம் இருப்பார்கள், எல்லாருக்கும் பொது பாஷை அதுதான். பயப்பட வேண்டாம், கெடாய் என்றால் கடை, காப்பால் என்றால் கப்பல். நம்மிடம் வாங்கியதுதான். ஹரி ராயா என்கிற நோன்புப் பெருநாளுக்கு உங்கள் மலாய்க்காரச் சார்ஜ்மேன் வீட்டில் திறந்த இல்ல உபசரிப்பு வைப்பார். அதற்குப் போகாமல் இருந்தால்தான் தப்பு. மலாய்க்காரர் ஒதுங்கினால் புரியும் என்று எழுதியிருந்தீர்களே, எனக்கென்னவோ உங்களை முதலில் வீட்டுக்குள் உட்கார வைக்கப்போவது அவர்தான் என்று படுகிறது.

கிளம்பலாமா என்று கேட்டீர்கள். வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குக் கொண்டுவராவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மனிதர் விஷயத்தில் அந்த அவசரம் ஆகாது. சுங்கை என்றால் ஆறு, சிப்புட் என்றால் நத்தை. ஏழு மாதம் என்பது இந்த டவுன் கணக்கில் ஒரு முழம். ஒப்பந்தம் முடிகிறவரை இருங்கள், அப்புறம் யோசிக்கலாம். ஞாயிறு காலை எட்டு மணிக்கு நான் மார்க்கெட் பக்கத்து மாமாக் கடையில் இருப்பேன். தே தாரிக், சீனி குறைவு. மேசை காலியாகத்தான் இருக்கும்.

கேள்வி: கணவருக்கு வேலை மாற்றலாகி, கரூரிலிருந்து கோல கங்சாருக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. தூக்கிக்கொண்டு வந்த மிக்ஸி இங்கே பிளக்கில் நுழையவில்லை. வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை, ஊரில் நான் கணக்கு டீச்சர். பக்கத்தில் டியூஷன் எடுக்கலாமா? அக்கம்பக்கம் பழக என்ன வழி?
ஒரு வாசகி, கோல கங்சார்

பதில்: மிக்ஸிக்கு ஒன்றும் ஆகாது அம்மா. மின்சாரம் அங்கேயும் இங்கேயும் ஏறக்குறைய ஒன்றுதான், பின்தான் வேறு. அங்கே உருண்டை முள், இங்கே மூன்று சதுர முள். சீனர் ஹார்டுவேர் கடைக்கு மிக்ஸியையே எடுத்துக்கொண்டு போங்கள், சரியான முனையைத் தவுக்கேயே எடுத்துக் கொடுப்பார். கறிவேப்பிலையும் முருங்கையும் காசு கொடுத்து வாங்காதீர்கள், நாலு வீடு தள்ளி யார் வீட்டு வேலியிலாவது நிற்கும். கேட்டுப் பறிப்பதுதான் அக்கம்பக்கம் பழக முதல் வழி. அவர்கள் ஒரு தட்டில் ஏதாவது கொடுத்தால் தட்டை வெறுமையாகத் திருப்பாதீர்கள். பருப்புப்பொடி கொடுங்கள், கரூர்ப் பருப்புப்பொடி இங்கே யாருக்கும் தெரியாது.

டியூஷன் விஷயத்தில் கவனம். நீங்கள் வந்திருப்பது கணவரைச் சார்ந்தவர் என்கிற பாஸில் என்றால், அதை வைத்துக்கொண்டு அனுமதி இல்லாமல் சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. 'எல்லாரும்தான் செய்றாங்க' என்று யாராவது சொல்வார்கள். மாட்டிக்கொண்டால் அவர்கள் வர மாட்டார்கள். முதலில் கணவரின் கம்பெனி மூலம் குடிநுழைவுத் துறையில் கேளுங்கள்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். உங்கள் டவுனிலேயே, 1877-இல் வந்த கன்றுகளில் ஒன்று என்று சொல்லப்படும் ஒரு பழைய கித்தா மரம் இன்னும் நிற்கிறது, பலகைகூட வைத்திருக்கிறார்கள். போய்ப் பாருங்கள். அந்தக் கன்று இந்த மண்ணுக்கு வராமல் இருந்திருந்தால் நீங்கள் பேச இங்கே ஒரு தமிழ் வாய் இருந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம். என் அப்பா துறையூரிலேயே கடலை போட்டிருப்பார்.

கேள்வி: நான் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை செய்கிறேன். சிவகங்கை மாவட்டம். என் பாஸ்போர்ட் முதலாளியிடம் இருக்கிறது. போன மாதம் எண்ணெய் கொட்டிக் கை வெந்துவிட்டது. கிளினிக் செலவைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். வேறு ஒரு கடையில் கூப்பிடுகிறார்கள், இரவோடு இரவாகப் போய்விடலாம் என்று இருக்கிறேன்.
பெயர் வேண்டாம், ஈப்போ

பதில்: போகாதீர்கள். முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் பெர்மிட்டில் எந்த முதலாளி பேர் இருக்கிறதோ அவரிடம் மட்டும்தான் நீங்கள் வேலை செய்யலாம். ஓடிப்போன மறுநாள் அவர் புகார் கொடுத்தால் தப்பு செய்தவர் நீங்கள் என்று ஆகிவிடும். இப்போது தப்பு அவர் பக்கம் இருக்கிறது, அதை அப்படியே இருக்க விடுங்கள்.

அடுத்தவர் கடப்பிதழை, அதாவது பாஸ்போர்ட்டை, சட்டப்படியான அதிகாரம் இல்லாமல் கையில் வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். 'பத்திரமா வச்சிருக்கேன்' என்பார்கள். எழுபதுகளில் எங்கள் ஆபீஸ் பெட்டியில்கூட ஆட்களின் காகிதங்களைப் பத்திரமாக வைத்திருந்தோம். அந்தப் பத்திரம் யாருக்கு என்று எனக்குத் தெரியும், சாவி என் இடுப்பில்தான் இருந்தது. இன்றைக்கு வெட்கமாக இருக்கிறது.

கை வெந்ததற்கு: 2019 ஜனவரி 1 முதல் வெளிநாட்டுத் தொழிலாளிகளுக்கும் வேலையிட விபத்துக்கு சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பாதுகாப்பு உண்டு. முதலாளி உங்களைப் பதிந்திருக்க வேண்டும். கிளினிக் ரசீது, காயத்தின் படம், சம்பளச் சீட்டு, பெர்மிட்டின் நகல், நான்கையும் போனில் படம் எடுத்து ஊரில் தம்பிக்கோ அக்காவுக்கோ அனுப்பி வையுங்கள், உங்கள் போன் தொலைந்தாலும் இருக்கும். பிறகு தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள், ஈப்போவிலேயே இருக்கிறது. தனியாகப் போகப் பயமாக இருந்தால் கோலாலம்பூரில் இந்தியத் தூதரகம் இருக்கிறது, தெனாகானித்தா என்கிற அமைப்பு பல வருடமாக உங்களைப் போன்றவர்களுக்காக வேலை செய்கிறது. கடப்பிதழை முதலில் வாயால் கேளுங்கள், கடைசியில் எழுத்தில் கேளுங்கள். கத்த வேண்டாம்.

வெந்த இடத்தில் பற்பசை தடவியிருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

கேள்வி: இங்கே காலை ஏழு மணிக்குத்தான் வெளுக்கிறது! ஆறு மணிக்கு எழுந்து நடைப்பயிற்சி போனால் தெருநாய்தான் கூட வருகிறது. ஏன் இப்படி?
புதிதாக வந்த ஒருவர், பாகான் செராய்

பதில்: கடிகாரம் பொய் சொல்கிறது ஐயா, சூரியன் இல்லை. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்பத்தின் கடிகாரங்களை அரை மணி முன்னால் தள்ளி, சபா சரவாக்கோடு ஒன்றாக்கினார்கள். அதற்கு முன்னால் ஆறரை என்றால் கொஞ்சம் வெளிச்சம் இருக்கும். ஒரே நாளில் பெரட்டு நடுராத்திரி மாதிரி ஆகிவிட்டது. செக்ரோலில் பேர் தெரிய டார்ச் அடிக்க வேண்டி வந்தது, 'அரசாங்கம் அரை மணி தூக்கத்தைத் திருடிடுச்சு' என்று ஜனங்கள் என்னைத்தான் திட்டினார்கள், நான்தான் கைக்கு எட்டினேன்.

நடையைச் சாயங்காலம் வையுங்கள், ஏழேகால் வரை வெளிச்சம் இருக்கும். மழை வருமா என்று கேட்காதீர்கள், குடையை எடுத்துக்கொண்டு போங்கள். நாய்க்கு இரண்டு பிஸ்கட்.